சர்மிளாவின் கோடுகள்

செம்பாறைத் தோட்டம்,
மஸ்கெலியா.
12.04.1997

மதிப்புக்குரிய டொக்டர் மிஸ்,

என்னை நினைவிருக்குமோ தெரியவில்லை. செம்பாறைத் தோட்டத்து டிஸ்பென்சரியைப் பார்க்கிற செல்லசாமி. எண்பத்தொன்பதில் நீங்கள் கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து இங்கே வந்தபோது, என் அக்கா மகள் சர்மிளாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன். நீங்கள் இரத்தம் எடுத்தீர்கள். மறுநாள் பிள்ளை போய்விட்டாள்.

நீங்கள் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போய்விட்டதாக உங்கள் ஆய்வுகூடத்தில் சொல்லி, இந்த விலாசத்தைத் தந்தார்கள். ஒரு உதவிக்காக எழுதுகிறேன்.

மேல் டிவிசனில் மறுபடியும் நெருப்புக் காய்ச்சல், அந்த டைபொயிட்தான். ஆறாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் மூன்று பிள்ளைகள். அவர்களில் அழகனின் மகள் இறந்துவிட்டாள். இந்த லயத்துப் பிள்ளைகளுக்குச் சில வருடம் விட்டு இது வருகிறது. ஒவ்வொரு முறையும் இரத்தம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் உங்கள் ஆய்வுகூடம் 'நெருப்புக் காய்ச்சல் கிருமி, அதே வகை' என்று எழுதி அனுப்பியது.

இங்கே இன்னும் மலை ஊற்றிலிருந்து வடிகிற பீலித் தண்ணீர்தான். தோட்டத்துத் துரையிடம் குழாய் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். "தண்ணியில இருந்துதான் வருதுன்னு ஒரு டாக்டர் எழுதித் தரட்டும். கம்பெனியில பேசுறேன்" என்கிறார். அந்த ஒரு வரியை நீங்கள் எழுதித் தர வேண்டும். எல்லாம் ஒரே வகைக் கிருமி என்றால் எல்லாம் ஒரே பீலியிலிருந்து வந்ததுதானே?

இப்படிக்கு,
செ. செல்லசாமி


லீட்ஸ்
09.05.1997

அன்பின் செல்லசாமி அண்ணருக்கு,

உங்களை மறக்கவில்லை. அந்தப் பிள்ளையையும் மறக்கவில்லை.

நீங்கள் கேட்ட வரியை இப்போது எழுத முடியாது. கோபிக்க வேண்டாம், காரணத்தைச் சொல்கிறேன்.

கொழும்பில் நாங்கள் செய்தது பழைய முறை. முயலின் இரத்தத்திலிருந்து எடுத்த நீரில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் விட்டுக் கிருமியைக் கலப்போம். திரிதிரியாகத் திரண்டால் அது நெருப்புக் காய்ச்சல் கிருமி. ஆனால் உலகத்திலுள்ள எல்லா நெருப்புக் காய்ச்சல் கிருமியும் அதே துளியில் அதே மாதிரித்தான் திரளும். செம்பாறைக் கிருமியும் திரளும், கராச்சிக் கிருமியும் திரளும். 'அதே வகை' என்று நாங்கள் எழுதியதற்கு அவ்வளவுதான் அர்த்தம். இது எந்தக் குடும்பத்துக் கிருமி, எதன் வழியில் வந்தது என்று அந்தத் துளிக்குத் தெரியாது.

இங்கே வேறு முறை பழகுகிறேன். கிருமியின் மரபணு இழையைக் குறித்த இடங்களில் வெட்டி, துண்டுகளை ஒரு பசைப் பாளத்தில் மின்சாரத்தால் ஓட விடுவோம். சிறியது தூரம் ஓடும், பெரியது பின்தங்கும். முடிவில் சேலைக் கரைபோலக் கோடுகள் விழும். ஒரே வழியில் வந்த கிருமிகளுக்கு ஒரே கரை. வேறு வழியில் வந்தவற்றுக்கு வேறு கரை.

நீங்கள் முன்பு அனுப்பியவற்றில் வளர்த்த கிருமிகளைக் குழாய்களில் என்னோடு கொண்டுவந்திருக்கிறேன். சர்மிளாவுடையதும் உண்டு. இப்போது வந்த காய்ச்சல்காரரின் மாதிரிகளைக் கொழும்புக்கு அனுப்புங்கள். கீழ் டிவிசனிலும் யாருக்கும் காய்ச்சல் என்றால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் எனக்கு அனுப்பிவைப்பார்கள்.

யசோதினி


செம்பாறைத் தோட்டம்
22.06.1997

மதிப்புக்குரிய மிஸ்,

நீங்கள் கேட்டதெல்லாம் கொழும்புக்குப் போய்விட்டது. கீழ் டிவிசனில் நாலு பேருக்குக் காய்ச்சல். அவர்களுடையதும் இருக்கிறது.

சர்மிளாவின் கிருமி உங்களிடம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது உயிரோடு இருக்கிறதா? அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன்.

இங்கே ஜனங்கள் பேசுவதையும் எழுதுகிறேன். காய்ச்சல் கண்ட பிள்ளைகள் பிதற்றும்போது சர்மிளா பெயரைச் சொல்கிறார்கள். அழகனின் மகள் சாகும் முன்பு, "அம்மா, சர்மிளாக்கா வாசல்ல நிக்குது, தல ஈரமா இருக்கு" என்றாளாம். பழைய பிள்ளைகளும் இப்படிச் சொன்னதாக இப்போது ஆளுக்கொரு கதை. விளையாட ஆள் சேர்க்கிறாள் என்கிறார்கள். ஒரு குடும்பம் தோட்டத்தை விட்டு டயகமவுக்கே போய்விட்டது. பூசாரி வந்து வாசல்களில் கயிறு கட்டினார்.

கடும் காய்ச்சலில் பிதற்றுவது உண்டு என்று நான் படித்தவன். லயத்தில் பேசுவதைக் கேட்ட பிள்ளை அதைத்தானே பிதற்றும். ஆனாலும் அக்கா வீட்டு வாசலைத் தாண்டும்போது இப்போது நான் உள்ளே பார்ப்பதில்லை. அக்கா வேலாயி அங்கே தனியாகத்தான் இருக்கிறது. மச்சான் இறந்து நாலு வருடம். யார் என்ன பேசினாலும் அதன் முகத்தில் ஒன்றும் தெரியாது. சில சமயம் சந்தோஷப்படுகிறதோ என்றுகூடத் தோன்றுகிறது.

சீக்கிரம் எழுதுங்கள்.

செல்லசாமி


லீட்ஸ்
03.10.1997

அன்பின் அண்ணருக்கு,

முடிவு வந்துவிட்டது. மூன்று தடவை திரும்பச் செய்து பார்த்த பிறகே எழுதுகிறேன்.

பாளத்தைப் பார்க்கும் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, அடியிலிருந்து ஊதா வெளிச்சம் போடுவோம். கோடுகள் இருட்டில் தாமாக எரிவதுபோல் தெரியும். முதல் வரிசையில் சர்மிளாவை வைத்திருந்தேன். பக்கத்தில் தொண்ணூற்றொன்றில் வந்த பிள்ளை, பிறகு தொண்ணூற்று நாலு, பிறகு இந்த வருடத்து மூன்று பேர். எல்லாம் ஒரே கரை. ஒரு கோடுகூட இடம் மாறவில்லை. என்னோடு வேலை செய்கிற பெண் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரே ஆளிடம் எடுத்ததை ஏன் ஆறு தடவை ஓட விட்டாய் என்று கேட்டாள்.

கீழ் டிவிசன் நாலு பேருக்கும் கரைகள் வேறு. ஒன்றோடொன்றும் சேரவில்லை. பல இடத்துக் கழிவும் கலக்கிற தண்ணீரில் அப்படித்தான் வரும். அவர்களுக்குக் குழாய் வேண்டும் என்று துரைக்குத் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

ஆறாம் நம்பர் லயத்துக் கதை வேறு. ஓடுகிற தண்ணீரில் ஒரே கிருமி இத்தனை வருடம் மாறாமல் தங்காது. அது மனித உடம்புக்குள் தங்கும். காய்ச்சல் வந்து தேறியவர்களில் ஒருசிலரின் பித்தப்பையில் ஒளிந்துகொண்டு வருடக்கணக்காக இருக்கும். அந்த ஆளுக்கு ஒரு நோய் வருத்தமும் தெரியாது. கை வழியாகச் சாப்பாட்டில் சேரும்.

அந்தப் பிள்ளைகள் எல்லாரும் யார் கையால் எதை வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று விசாரியுங்கள். காய்ச்சலுக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முந்தியதைக் கேளுங்கள்.

யசோதினி


செம்பாறைத் தோட்டம்
16.11.1997

மிஸ்,

கடிதம் கிடைத்தது. கீழ் டிவிசனுக்கு எழுதித் தந்ததற்கு நன்றி.

நான் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் என் அக்காவைக் காட்டுகிறீர்கள். ஒரே பிள்ளையைப் புதைத்தவள் அவள். தேயிலைக் கொழுந்து எடுத்த கையைத் தவிர வேறு ஒன்றும் இல்லாதவள். அந்தக் கையைப் போய்ச் சொல்கிறீர்கள். இருட்டறையில் கோடு பார்ப்பவர்களுக்கு லயத்தில் பேச்சு எப்படிப் பரவும் என்று தெரியாது. இது வெளியே தெரிந்தால் அவளை அங்கே இருக்க விடுவார்களா?

இனி மாதிரிகள் அனுப்ப மாட்டேன்.

செல்லசாமி


லீட்ஸ்
14.12.1997

அண்ணர்,

உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். என் கடிதத்தின் பிரதியையும் எடுத்து வாசித்தேன். நான் உங்கள் அக்காவின் பெயரை எழுதவில்லை. நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் துணிந்து கேட்கிறேன். சர்மிளாவின் குழாயில் திகதி ஒட்டியிருக்கிறது. அவள் இறந்தது மாசியில். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் படுத்தது பங்குனியில். உங்கள் அக்கா வீட்டில் மாசியில் என்ன நடக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு பேரிடம் ஒரே கரை இருந்தால் அவர்களுக்குள் கிருமி போய்வந்திருக்கிறது என்பதுதான் தெரியும். யாரிடமிருந்து யாருக்கு என்று தெரியாது. கோடுகளுக்குத் திசை இல்லை. தாய் பிள்ளைக்குக் கொடுத்தாளா, நோயில் கிடந்த பிள்ளையைக் கழுவித் துடைத்த தாய் அதை வாங்கிக்கொண்டாளா என்று நானும் சொல்ல முடியாது, வேறு யாரும் சொல்ல முடியாது. இது ஆறுதலுக்கு எழுதுகிற பொய் இல்லை.

மாசி வரப்போகிறது. நீங்கள் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. அதற்கு முதல் ஏதாவது செய்யுங்கள்.

யசோதினி


செம்பாறைத் தோட்டம்
29.03.1998

மதிப்புக்குரிய மிஸ்,

இத்தனை நாள் எழுதவில்லை. மன்னிக்க வேண்டும்.

மாசியில் சர்மிளாவின் திதி. அக்கா அவல் ஊறவைத்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுக் கையால் பிசைந்து உருண்டை பிடிக்கும். சர்மிளாவுக்குப் பிடித்தது. அவள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுக்கும். "சர்மிளாக்கா குடுத்ததுன்னு சாப்பிடு" என்று சொல்லித்தான் ஒவ்வொரு பிள்ளை கையிலும் வைக்கும். உங்கள் முதல் கடிதம் வந்தபோது எனக்கு இது தோன்றவில்லை. இரண்டாவது வந்தபோது தோன்றிவிட்டது.

முதல் நாளே போய், "இந்த வருசம் வேணாங்க்கா, பிள்ளைங்களுக்கு ஒத்துக்க மாட்டேங்குது" என்றேன். அக்கா சிரித்தது. "அவ எதிர்பார்ப்பா தம்பி" என்றது.

திதியன்று போகும்போது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் லயத்துக்குள் வந்துவிட்டது. எதிர் வாசல் தெரியவில்லை. அக்கா கை நிறைய உருண்டையோடு நிற்கிறது. எல்லார் முன்னாலும் என்ன சொல்வது? பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டுபோய்ச் சாக்கடைக் கானில் கொட்டினேன். கையில் இருந்ததையும் தட்டிவிட்டேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்து, "மாமாவ ஒன்னும் செய்யாத" என்றது.

நான் போவதற்குள் ஒரு பையன் ஒன்றைத் தின்றிருந்தான். லோஜன். வட்டவளையிலிருந்து அன்று காலைதான் சித்தி வீட்டுக்கு வந்தவன், ஏழு வயது. அவனைத் தினமும் பார்த்தேன். பங்குனி பிறந்ததும் காய்ச்சல் வந்தது. டிஸ்பென்சரியிலேயே படுக்க வைத்து மருந்து கொடுத்தேன். அடுத்த வாரம் ஒரு மத்தியானம், காய்ச்சல் உச்சத்தில், என்னைப் பார்த்துச் சொன்னான்: "டாக்கரையா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னால ஒரு அக்கா நிக்குது. மாமா மறைக்கிறாருன்னு சொல்லுது."

எனக்குப் பின்னால் சுவர்தான். இந்தத் தோட்டத்தில் என்னை மாமா என்று கூப்பிட்டவள் ஒருத்திதான்.

நான் தள்ளி நிற்கவில்லை மிஸ். அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பையன் தேறிவிட்டான். மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறேன்.

அக்கா என்னோடு பேசுவதில்லை.

செல்லசாமி


லீட்ஸ்
30.04.1998

அன்பின் அண்ணருக்கு,

லோஜனின் கரையும் அதுதான். வரிசையில் சர்மிளாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பையன் சொன்னதற்கு நான் காரணம் தேடிப் பார்த்தேன். திதியன்று உங்கள் அக்கா 'மாமா' என்றதைக் கேட்டிருப்பான். உருண்டையோடு பெயரும் காதில் விழுந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதை எழுதி முடித்த பிறகும் விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

இனிச் செய்ய வேண்டியது ஒன்று. என்னுடைய கோடுகள் ஓர் ஆள் இருக்கிறது என்று சொல்லும். அது எந்த ஆள் என்று தேட, நான் குறைத்துப் பேசிய பழைய முறைதான் உதவும். கிருமியை உள்ளே வைத்திருப்பவரின் இரத்தத்தில், அதன் மேலுறைக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புச் சத்தின் அளவு மிக உயரமாக நிற்கும். லயத்திலுள்ள பெரியவர்கள் எல்லாரிடமும் இரத்தம் எடுங்கள். உங்கள் அக்காவிடம் மட்டும் எடுத்தால் ஊர் கதைக்கும். உங்களுடையதையும் சேர்த்து எடுங்கள்.

அவவிடம் மறைக்க வேண்டாம். நீங்களே சொல்லுங்கள்.

யசோதினி


செம்பாறைத் தோட்டம்
21.06.1998

மதிப்புக்குரிய மிஸ்,

எல்லாரிடமும் இரத்தம் எடுத்தோம். அக்காவுடையது மட்டும்தான் உயரம். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஸ்கேன் செய்தேன். பித்தப்பை நிறையக் கல். கல் இருப்பதால் மாத்திரையால் மட்டும் போகாது, ஒபரேஷன் செய்து பையையே எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றையும் விடவில்லை. யார் யாருக்குக் கொடுத்தது என்று தெரியாது என்று நீங்கள் எழுதியதையும் சொன்னேன். அழுவாள், மயங்குவாள், என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அக்கா வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டது.

"சர்மிளா ஒடம்புல இருந்த அதே உசுருதான் இங்க இருக்கா?"

"அதே கிருமிங்க்கா."

"அப்ப அவ எங்கயும் போகல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. "எனக்குத் தெரியும் தம்பி. சில நாள் உள்ள உதைக்கிற மாதிரி வலிக்கும். வயித்துல இருந்தப்பவும் அந்தப் பக்கந்தான் உதைப்பா."

"அக்கா, அதுதான் அழகன் பொண்ணக் கொன்னது."

"அதுக்குத்தான் இனிமே ஒருத்தருக்கும் சமைக்க மாட்டேன். கொழுந்துக்கும் போகல. கதவ சாத்திக்கிட்டு இருக்கேன். ஆனா அவள வெட்டி எடுக்க விட மாட்டேன்."

அன்றிலிருந்து கதவு சாத்தித்தான் இருக்கிறது. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்கிறது. ஒருத்தர் பேசிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து பேசுகிற மாதிரி. பக்கத்து வீட்டு மீனம்மா, "ரெண்டு கொரலு கேக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வேறு லயத்துக்குப் போய்விட்டாள். மூடிய வீட்டுக்குள் எத்தனை நாள் ஒரு மனுஷி இருக்க முடியும்? இதற்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

செல்லசாமி


லீட்ஸ்
19.07.1998

அன்பின் அண்ணருக்கு,

இதை எழுதலாமா என்று ஒரு கிழமை யோசித்தேன். ஒரு ஆய்வாளர் எழுதக் கூடாத கடிதம் இது.

உங்கள் அக்காவிடம் இப்படிச் சொல்லுங்கள். அந்த உயிர் அவவின் உடம்பில் மட்டும் இல்லை. சர்மிளாவின் கையிலிருந்து நான் எடுத்தது என்னிடம் இருக்கிறது. அது வேறு யாருடைய உடம்பையும் தாண்டி வரவில்லை, அவளிடமிருந்து நேரே வந்தது. இங்கே ஆழ்குளிர்ப் பெட்டியில் உறைந்து தூங்குகிறது. அது யாரையும் தொடாது. அவவின் பையை எடுத்தாலும் இது இருக்கும். வேலை முடிந்ததும் குழாய்களை அழித்துவிடுவது இங்கே வழக்கம். இந்தக் குழாயை அழிக்க விட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறேன்.

இது சரியோ பிழையோ தெரியாது. கதவு திறக்கட்டும்.

யசோதினி


செம்பாறைத் தோட்டம்
12.04.1999

மதிப்புக்குரிய மிஸ்,

உங்கள் கடிதத்தைக் கதவுக்கு வெளியே நின்று வாசித்தேன். அக்கா இரண்டு முறை வாசிக்கச் சொன்னது. பிறகு கதவைத் திறந்து, "எப்ப போகணும்?" என்றது.

ஐப்பசியில் கண்டியில் ஒபரேஷன் முடிந்தது. அதற்குப் பிறகு மூன்று முறை பரிசோதித்தார்கள். கிருமி இல்லை. கீழ் டிவிசனுக்குக் குழாய் வந்துவிட்டது, மேலே வரவில்லை. மாசி போய் இன்று பங்குனி கடைசி. ஒரு பிள்ளையும் படுக்கவில்லை. லயத்தில் பெரியவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

அக்கா மறுபடியும் கொழுந்துக்குப் போகிறது. என்னோடு பேசுகிறது. உடம்பு தேறிவிட்டது. ஆனால் போன வாரம் அதன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சொன்னது: "இத்தன வருசம் வீட்டுல ஆளு இருந்துச்சு தம்பி. இப்பத்தான் தனியா இருக்கேன்." அந்த வீட்டில் எனக்கும் அது தெரிந்தது மிஸ். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அப்படியானால் முன்பு இருந்தது என்ன என்று நான் யோசிக்கப் போவதில்லை.

புறப்படும்போது அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தியது. "மிஸ்ஸுக்கு எழுதுறப்ப ஒன்னு கேளு. அந்தப் பொட்டிக்குள்ள அவளுக்குக் குளிராதா?"

நீங்கள்தான் பதில் எழுத வேண்டும்.

செல்லசாமி


லீட்ஸ்
09.05.1999

அன்பின் அண்ணருக்கு,

அக்காவிடம் சொல்லுங்கள். உங்கள் கடிதம் கிடைத்த நாள் பின்னேரம் குழாயை வெளியே எடுத்தேன். ஒரு துளியைத் தட்டில் தடவி, கிருமி வளர்க்கிற பெட்டிக்குள் வைத்தேன். அந்தப் பெட்டியின் சூட்டை நாங்கள் எப்போதும் மனித உடம்பின் சூட்டுக்குத்தான் வைப்போம். காலையில் வந்து பார்த்தேன். தட்டு நிறைய வளர்ந்திருந்தது.

மாலைவரை அங்கேயே இருக்க விட்டேன். பிறகுதான் திரும்பக் குளிருக்குள் வைத்தேன்.

என் பேராசிரியர் எதற்காகச் செய்தாய் என்று கேட்டார். கிருமிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்தேன் என்றேன். வருடத்துக்கு ஒரு தடவை, மாசியில், இதைச் செய்வேன். அக்காவிடம் சொல்லுங்கள்.

யசோதினி